டொடோமா பக்கத்து மடத்தில் சில வருடங்கள்

மிஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கும் இளம் சிஸ்டர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் மலேரியாவைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது பாம்பு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அங்கே சோறு கிடைக்குமா சிஸ்டர்?" என்பார்கள். மூன்றுக்கும் பதில் சுலபம். மலேரியா வரும், மருந்து இருக்கிறது. பாம்பு நம்மூரில் இருக்கிற அளவுக்குத்தான். சோறு தாராளமாகக் கிடைக்கும். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மடத்தில் என்னோடு யார் யார் இருப்பார்கள், பொழுது சாய்ந்த பிறகு அவர்களோடு எந்த மொழியில் பேசுவது? தான்சானியாவில் நான் இருந்த காலத்தில் ஒரு நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்தது.

நான் திருநெல்வேலிப் பக்கம். நர்சிங் முடித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவள். முதல் வார்த்தைப்பாடு என்ற துறவற உறுதிமொழி கொடுத்துச் சில வருடங்களில், 26 வயதில், எங்கள் சபை என்னை டொடோமா பகுதிக்கு அனுப்பியது. டொடோமா தான்சானியாவின் நடுவில் இருக்கிறது. 1973-இல் அதைத் தலைநகர் என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் ரொம்ப காலம் எல்லா அலுவலும் கடற்கரையில் உள்ள தார் எஸ் சலாமில்தான் நடந்தது. டொடோமாவிலிருந்து கிழக்கே கொங்வா பக்கம் போனால் வறண்ட சமவெளி, முள் மரங்கள், நடுநடுவே பருத்துப்போய் நிற்கும் பப்பரப்புளி மரங்கள். ராமநாதபுரத்துக்காரர் யாரையாவது கண்ணைக் கட்டி அங்கே இறக்கிவிட்டால் ஊருக்கு வந்துவிட்டோம் என்றே நினைப்பார். அந்தப் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன மருந்தகம் ஒன்று, மாணவியர் விடுதி ஒன்று, நாலு பேர் இருக்கும் மடம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் இறங்கி வேலையைத் தொடங்கிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மிஷனரிகளுக்கு 'சி' வகுப்பு குடியிருப்பு அனுமதி என்று அங்கே தனியாக இருக்கிறது. நர்ஸ் என்றால் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவும் வேண்டும். அதற்கு நம் படிப்புச் சான்றும் பதிவுச் சான்றும் இங்கிருந்தே சரிபார்த்துப் போக வேண்டும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பாவது அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் புத்தகம் 10 நாள் ஆன பிறகுதான் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

என் சான்றுகள் இந்தியாவிலிருந்து வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது. அதுவரை நோயாளி ஒருவரைக்கூட நான் தொட முடியாது. மொழிப்பள்ளி முடித்து வந்த பிறகும் அப்படித்தான்.

மொழிப்பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விக்டோரியா ஏரிக்கரையில் முசோமா என்ற ஊர். அங்கே மக்கோக்கோவில், மேரிநோல் என்ற அமெரிக்கச் சபையின் மிஷனரிகள் தொடங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. பல நாட்டுக் குருக்களும் சிஸ்டர்களும் அங்கேதான் சுவாஹிலி படிக்கிறார்கள். தமிழருக்கு அது கஷ்டமான மொழி இல்லை. எழுதியபடியே வாசிக்கலாம். நாம் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுவார்கள். பெயர்ச்சொற்களை இனம் இனமாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு இனத்துக்கும் முன்னொட்டு வேறு. முதல் மாதம் தலை சுற்றுவது அதில்தான். படிப்பு பாதியில் இருக்கும்போது, "ஆள் இல்லை, வந்துவிடு" என்று மடத்திலிருந்து கூப்பிடுவார்கள். அப்போது மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள். கீழ்ப்படிதலைப் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் பாதியில் கிளம்பி வந்தவர்கள் சந்தையில் தக்காளி வாங்கும் அளவு மொழியோடு பத்து வருடம் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாய் அழுதுகொண்டே சொல்வது அவர்களுக்குப் புரியாது.

மருந்தகத்தில் வேலை செய்யப் போகிறவர் அங்கத்திய மணிக் கணக்கைக் கட்டாயம் பழக வேண்டும். அங்கே மணி சூரியனோடு தொடங்குகிறது. நமக்குக் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு எட்டு, அவர்களுக்கு இரண்டு. கடிகாரத்தில் முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிர்ப்பக்கத்து எண்ணைச் சொன்னால் சரியாக வரும். "இரண்டு மணிக்கு ஒரு மாத்திரை" என்று நாம் மத்தியானத்தை நினைத்துச் சொன்னால் அந்த அம்மா காலை எட்டு மணிக்குக் கொடுப்பார். பஸ் டிக்கெட்டிலும் இதே கதைதான். டிக்கெட் எடுக்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வணக்கம் சொல்வது. பெரியவர்களைப் பார்த்ததும் "ஷிகமோ" என்று சொல்லி, அவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு. வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, வயல் எப்படி, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று ஒரு சுற்று போக வேண்டும். நர்சிங் பள்ளியில் நமக்குப் பழக்கியது "என்ன செய்யுது?" என்று நேராகக் கேட்பது. அங்கே அப்படிக் கேட்டால் நோயாளி வாயையே திறக்கமாட்டார். வரிசை நீண்டு நிற்கும்போது இந்தச் சுற்று எரிச்சலாக இருக்கும். ஆனால் நோயின் பாதி விவரம் அந்த நலம் விசாரிப்பிலேயே வந்துவிடும். "வீட்டில் எல்லோரும் நலம், மருமகளுக்கு மட்டும் மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று அங்கேதான் சொல்வார்கள்.

இவ்வளவும் படித்து முடித்துக் கிராமத்துக்கு வந்தால், மருந்தகத்துக்கு வரும் பாட்டிகள் சுவாஹிலியே பேசவில்லை. அந்தப் பக்கத்து வாகோகோ மக்களுக்குத் தனி மொழி. "ம்புக்வேனி" என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டேன். அதற்கே அந்தப் பாட்டிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

பதிவு வரும்வரை என்னை மாணவியர் விடுதியில் போட்டார்கள். ஊரில் அவசர சிகிச்சைப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்த்தவள், இங்கே பதினான்கு வயதுப் பெண் என் இலக்கணத்தைத் திருத்துகிறாள். என்னை யாரும் எதற்கும் தேடவில்லை. கிளம்பும்போது எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலில் மாலை போட்டு, மேடையில் நிற்க வைத்து, ஆப்பிரிக்காவுக்கே நான்தான் விடிவு என்கிற மாதிரி பேசி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய பாரம். என் தளர்ச்சியின் முதல் பள்ளம் அதுதான். மலேரியா எல்லாம் பிறகு வந்தது. அந்த நாட்களில் உதவியது பீன்ஸ் பொறுக்கும் வேலை. விடுதியில் தினமும் பீன்ஸ்தான், மூட்டையைக் கொட்டிக் கல் பொறுக்க வேண்டும். பெண்களோடு பாயில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே நான் கேட்ட வம்பும் வழக்கும் முசோமாவில் படித்ததைவிட அதிகமாகச் சொல்லித்தந்தது. மொழி வராத காலத்துக்கென்று கையால் செய்யும் வேலை ஒன்றை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தையல், தோட்டம், மருந்து இருப்புக் கணக்கு, எதுவானாலும் சரி. செபம் மட்டும் அந்தப் பகல்களை நகர்த்தாது. இதை ஆன்ம குருவிடம் சொன்னாலும் ஒப்புக்கொள்வார்.

நம்மவர்கள் நினைத்துப் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. அங்கே வெள்ளைக்கார மிஷனரி இறங்கினால் மிஷனரி. நாம் இறங்கினால் முதலில் 'ம்ஹிண்டி', இந்தியர். அந்த ஊரில் இந்தியர் என்றால் கடைக்காரர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர், "உங்கள் கடை எந்தத் தெருவில்?" என்று கேட்பார். தலையில் முக்காடும் கழுத்தில் சிலுவையும் இருந்தாலும் கேட்பார். இந்தியரில் கிறிஸ்தவர் உண்டா என்று ஆச்சரியப்படுவார். கிழக்கு ஆப்பிரிக்காவில் குஜராத்திக் குடும்பங்கள் பல தலைமுறையாக வியாபாரம் செய்கின்றன. கடை முதலாளிக்கும் கூலிக்காரருக்கும் நடுவில் இருக்கும் கசப்பும் அதே அளவு பழையது. 1971-இல் அந்த அரசு வாடகைக் கட்டடங்களை நாட்டுடைமை ஆக்கியபோது அதிகம் இழந்தவர்கள் அந்தக் குடும்பங்கள்தான். நம்மைப் பார்த்ததும் இரண்டு பக்கத்துக் கதையும் ஞாபகத்துக்கு வரும். துவரம்பருப்பு வேறு இருக்கிறது. தான்சானியாவில் விளையும் துவரையை அதிகம் வாங்கும் நாடு இந்தியா. 2017-இல் இந்தியா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் அங்கே விலை சரிந்தது. நான் ஏதோ மந்திரி மாதிரி, "உங்கள் அரசு ஏன் வாங்கவில்லை சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்ட விவசாயிகள் உண்டு. மறுபக்கம், பெரிய ஆபரேஷனுக்கு இந்தியாவுக்குப் போய்வந்த ஒருவரையாவது பல குடும்பங்களுக்குத் தெரியும். சென்னை என்று சொன்னாலே முகம் மலர்ந்து, "அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள்" என்பார்கள்.

இந்த 'ம்ஹிண்டி' அழைப்புக்குக் கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளைகள் தெருவில் பின்னால் ஓடிவந்து கத்துவது முதல் மூன்று மாதம் வலித்தது. பெயர் தெரிந்த பிறகு அதே பிள்ளைகள் "சிஸ்டா, சிஸ்டா" என்று வந்தார்கள். ஆனால் விலை பேசும் இடத்தில், கூலி கொடுக்கும் இடத்தில் நாம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். தோட்ட வேலைக்காரருக்கு ஒரு நாள் கூலி தாமதமானால் அங்கே அது நம் மடத்துக் கதையாக நிற்காது, இந்தியர் கதையாகிவிடும்.

பணம் கேட்டு வருவார்கள். பள்ளிக் கட்டணம், பஸ் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு. வார்த்தைப்பாட்டின்படி நம் கையில் ஒன்றும் இருக்காது, ஆனால் அதை யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் மடத்தில் தனியாக யாரும் கொடுப்பதில்லை. நம் பங்குகளில் பக்கத்து வீட்டார் சேர்ந்து கூடும் அன்பியம் மாதிரி அங்கே 'ஜுமுயா' என்று வீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் விசாரித்துச் சொன்னால் மடம் தன் பங்கைக் கொடுக்கும். "ஜுமுயாவில் சொல்லுங்கள் அம்மா" என்று சொல்லப் பழகிவிட்டால் பாதி மனச்சுமை குறையும். யார் உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிறார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே பெரிய பெரிய யோசனைகள் தோன்றும். ஆட்டுப் பண்ணை, சமையல் தோட்டம், தையல் பயிற்சி. இங்கே உள்ள நண்பர்கள் பணம் அனுப்பவும் தயாராக இருப்பார்கள். எங்கள் மடத்தில் இருந்த இத்தாலியச் சிஸ்டர், வயதானவர், ஒரு விதி வைத்திருந்தார்: முதல் வருடம் முடியும்வரை புதியவர் எந்தத் திட்டத்தையும் பேசக்கூடாது. காரணம் கேட்டால் கடலைக் கதையைச் சொல்வார். உலகப் போர் முடிந்து பிரிட்டனில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. 1947-இல் பிரிட்டிஷ் அரசு இதே கொங்வாவுக்கு வந்து லட்சக்கணக்கான ஏக்கரில் நிலக்கடலை போடப் போவதாக இறங்கியது. டிராக்டர்கள் வந்தன, போர் டாங்கிகளையே மாற்றி நிலத்தைத் திருத்தும் இயந்திரமாக்கினார்கள். பப்பரப்புளி மரங்களைப் பிடுங்க முடியவில்லை. மழை பொய்த்தது. வெயிலில் அந்தக் களிமண் இறுகிப்போய்க் கடலையை வெளியே எடுக்கவே முடியவில்லை. 1951-இல் கைவிட்டார்கள். கிட்டத்தட்ட 3.6 கோடி பவுண்டு போனது. விதைக்கு வாங்கிய அளவுகூட அறுவடை ஆகவில்லை என்பார்கள். இந்த மண்ணில் கம்பும் சோளமும் மட்டும் ஏன் போடுகிறீர்கள் என்று பக்கத்து வயல்காரரை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த விதி முதலில் எனக்குக் கசந்தது. இப்போது எல்லா மிஷன் மடங்களிலும் அதை எழுதிவைக்கலாம் என்பேன்.

சரி, மடத்துக்கு வருகிறேன். நாலு பேர். இத்தாலியச் சிஸ்டர், நான் பிறப்பதற்கு முன்பே அங்கே வந்தவர். கேரளத்துச் சிஸ்டர் ஒருவர், விடுதி அவர் பொறுப்பு. சொங்கேயா பக்கத்திலிருந்து வந்த தான்சானியச் சிஸ்டர், அவர்தான் எங்கள் மதர், அதாவது மடத்துத் தலைவி, கேரளத்துச் சிஸ்டரைவிட வயதில் சின்னவர். அப்புறம் நான். மதர் ரோமில் படித்தவர். சாப்பாட்டு மேசையில் அவரும் இத்தாலியச் சிஸ்டரும் இத்தாலிய மொழியில் பேசிச் சிரிப்பார்கள். வேண்டுமென்று செய்தது இல்லை, பழக்கம். ஆனால் நாள் முழுக்க அரைகுறை சுவாஹிலியில் திணறிவிட்டு வந்து, ராத்திரி நம் மேசையிலும் ஒரு வார்த்தை புரியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான விஷயம் இல்லை. ஏழு மணிக்குள் இருட்டிவிடும், சோலார் விளக்கு ஒன்றுதான், வெளியே போக இடம் இல்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்றுகூடத் தோன்றும். வெளியே ஜனங்கள் நம்மை எவ்வளவு அந்நியமாகப் பார்த்தாலும் தாங்கிவிடலாம். வீட்டுக்குள் அந்நியமாக இருப்பதைத் தாங்க முடியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்த ராத்திரிகள் எல்லாம் அந்த மேசையிலிருந்து எழுந்து போன ராத்திரிகள்தான்.

உடைத்துப் பேசியவர் கேரளத்துச் சிஸ்டர். மாதக் கூட்டத்தில், சுற்றி வளைக்காமல், "மேசையில் இனி சுவாஹிலி மட்டும். இந்தப் பெண் ஊமையாகப் போகிறாள்" என்றார். மதர் முகம் ஒரு நிமிடம் இறுகியது. பிறகு ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மேசை மொழி மட்டுமில்லை, எல்லாவற்றையும் எழுதினோம். யார் என்றைக்குச் சமையல். மிளகாய் தனிக் கிண்ணத்தில். வறட்சி மாதங்களில் ஆளுக்கு எத்தனை வாளித் தண்ணீர். வீட்டுக்குப் போன் பேசும் நேரம். டகா என்று காய்ந்த சின்ன மீன் கிடைக்கும், நம் நெத்திலிக்கருவாடு மாதிரி. அதை எந்த நாளில் வறுக்கலாம் என்பதுகூட இருந்தது, ஏனென்றால் அந்த வாசனை வந்தால் இத்தாலியச் சிஸ்டர் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டுச் சிற்றாலயத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். துறவறச் சபையில் இதையெல்லாமா எழுதிவைப்பது என்று கூச்சப்படாதீர்கள். தியாகம், பொறுமை என்று பேசிக்கொண்டே வாளித் தண்ணீருக்காக மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் வாழ்ந்த மடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்டுச் சிஸ்டர் நமக்கு மதராக இருக்கும்போது நம்மவர்கள் சிலருக்குக் கீழ்ப்படிவது கசக்கிறது. வெள்ளைக்கார மதரிடம் கேட்காமலே தலையாட்டுகிறவர்கள் இவரிடம் ஏன், எதற்கு என்பார்கள். இதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. மிஷனுக்குப் போகுமுன், துறவறப் பயிற்சி பெறும் நவதுறவகத்திலேயே இதைப் பேசிவிடுவது நல்லது.

மலேரியாவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வலைக்குள் தூங்கினாலும் எனக்கு வந்தது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே விரல் நுனி ரத்தச் சோதனை. இருப்பது உறுதியானால் ஆர்டிமெதர், லூமஃபேன்ட்ரின் சேர்ந்த மாத்திரை. பெரியவர்களுக்கு வேளைக்கு நாலு, நாளைக்கு இரண்டு வேளை, மூன்று நாள், மொத்தம் 24. பால் அல்லது கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது. நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம் இது. இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம்: விடுமுறைக்கு ஊருக்கு வந்து காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நம்மூரில் டெங்கு, டைபாய்டு என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கத்திய வகை மலேரியா அவ்வளவு நாள் காத்திருக்காது.

சாப்பாட்டில் எனக்குக் குறை இல்லை. வாகோகோ வீடுகளில் கம்பு மாவிலும் சோள மாவிலும் களி கிண்டுகிறார்கள், கூடவே வழவழவென்று ஒரு கீரை. கம்பங்களி சாப்பிட்டு வளர்ந்த ஆச்சியிடம் போனில் சொன்னபோது, "அதைச் சாப்பிடவா அவ்வளவு தூரம் போன?" என்றாள். புளிய மரம் இருக்கிறது, துவரை இருக்கிறது, முளைக்கீரை இருக்கிறது. டொடோமாவில் குஜராத்திக்காரர் கடையில் கடுகும் பெருங்காயமும் வாங்கினால் சாம்பார் ஆகிவிடும்.

அந்த ஆச்சி நான் அங்கே இருக்கும்போது போய்விட்டாள். எங்கள் சபையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஊர் விடுமுறை, அப்பா அம்மா தவிர மற்றவர்களுக்கு அவசர டிக்கெட் கிடையாது. போகும் முன்பே தெரியும், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதுதான். ஊருக்கும் அங்கேயும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அடக்கத்தை என் தம்பி போனில் காட்டினான், சிக்னல் விட்டு விட்டு வந்தது. கல்லறையில் மண் போடும் நேரத்தில் அறுந்துபோனது. நான் மருந்தகத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் மடத்து முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மதர் ஜுமுயாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே சாவு என்றால் ஊரே வந்து உட்காரும், பெண்கள் ராத்திரி அங்கேயே படுப்பார்கள். "போலே சனா சிஸ்டா", ரொம்ப வருத்தம் சிஸ்டர், என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆச்சிக்கு எத்தனை வயது, எத்தனை பிள்ளைகள், என்ன நோய், கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பாடினார்கள். அப்புறம் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 'ரம்பிரம்பி' என்று துக்கப் பணம். பெயரையும் தொகையையும் எழுதி வாங்குகிறார்கள், நம் மொய் நோட்டு போலவே. சிலர் நாணயங்கள், சிலர் மாவு, ஒரு பாட்டி இரண்டு முட்டை. எந்த வீட்டில் இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அவர்களின் பிள்ளைகளை வாராவாரம் எடை போடுகிறவள் நான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மதர் என் காதருகே குனிந்து, "வாங்கு. வாங்காவிட்டால் நாளை அவர்கள் வீட்டுச் சாவுக்கு நீ போக முடியாது" என்றார். வாங்கினேன். மேசையில் எனக்குப் புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்த அதே மதர்தான்.

அதற்குப் பிறகு மருந்தகத்தில் என்னோடு பேசும் தோரணையே மாறியது. கர்ப்பிணிகள் முன்பு சொல்லாததைச் சொன்னார்கள். நோட்டில் என் பெயர் ஏறிவிட்டது, ஆகவே ஒவ்வொரு துக்க வீட்டுக்கும் நானும் மாவு கொண்டுபோனேன்.

ஊருக்கு வந்தால் உறவினர்கள் கேட்கும் கேள்வி, "எத்தனை பேரைக் கிறிஸ்தவர் ஆக்கினாய்?" யாரையும் ஆக்கவில்லை. நான் போவதற்கு முன்பே அங்கே கோவில் நிரம்பி வழிந்தது. நவீன காலத்தில் கர்தினால் ஆன முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர் லாரியன் ருகம்ப்வா; 1960-இல் அந்தப் பட்டம் பெற்றபோது அவர் இதே நாட்டில் ஆயர். வீட்டுக் குழுக்கள்தான் திருச்சபையின் அடித்தளம் என்று கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1976-லேயே முடிவு செய்தார்கள். நம்மூரில் அன்பியம் பரவியது அதற்குப் பிறகுதான். எங்கள் கிளைப் பங்குக்குப் பங்குத்தந்தை மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். அவர் வாரம் முழுக்க வயலில் நிற்கிற விவசாயி. திருப்பலி இரண்டரை, மூன்று மணி நேரம். பாடகர் குழு ஆடிக்கொண்டே பாடும், பெண்கள் குலவை இடுவார்கள், காணிக்கையாகக் கோழியும் மக்காச்சோளமும் வரும், முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஏலத்தைப் பார்த்து எனக்கு எங்கள் ஊர்க் கோவில் திருவிழாதான் ஞாபகம் வந்தது. அப்படியானால் வெளியிலிருந்து வருகிற நமக்கு என்ன வேலை? கை குறைகிற இடத்தில் ஒரு கை. எனக்கு அது பிள்ளைகளை எடை போடுவதும், காய்ச்சல் பார்ப்பதும், பிரசவத்துக்கு ராத்திரி எழுவதும். அதற்கு மேல் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதுவே போதுமானதாகவும் இருந்தது.

திரும்பி வந்த பிறகு வரும் தளர்ச்சியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. முக்கால் மணி நேரத்தில் முடியும் திருப்பலியில் எனக்கு மூச்சு முட்டியது. வார்டில் நலம் விசாரிக்காமல் ஊசி போடுவது முரட்டுத்தனமாகத் தெரிந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இங்கே சிஸ்டர்களுக்குச் சிங்கம் பார்த்தாயா என்பதுதான் ஆர்வம். பார்க்கவில்லை, எங்கள் பக்கம் கழுதைப்புலிதான். அங்கே இருந்து வந்த வேறு ஒருவரைத் தேடிப்பிடித்து மாதம் ஒருமுறையாவது பேசுங்கள். கேரளத்துச் சிஸ்டரும் நானும் இன்றும் போனில் சுவாஹிலியில்தான் சண்டை போடுகிறோம்.

கிளம்பும் முன் மறைமாநிலத் தலைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: மொழிப்பள்ளி எத்தனை மாதம், அனுமதி எந்த வகுப்பு, வீட்டில் சாவு என்றால் யாருக்கு டிக்கெட் உண்டு, மடத்தில் எத்தனை பேர், எந்த எந்த நாட்டவர். கேட்டால் விசுவாசம் குறைவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் கேளுங்கள். பெட்டியில் துணியைக் குறையுங்கள், அங்கே கிட்டெங்கே என்ற அச்சடித்த பருத்தித் துணி மலிவு, தைத்துத் தருவார்கள். படிப்புச் சான்றுகளின் நகல் இரண்டு செட், நல்ல டார்ச், கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னொரு ஜோடி. குக்கர் எடுத்துப் போகிறவர்கள் கேஸ்கட்டும் இரண்டு சேர்த்து வையுங்கள். டொடோமாவில் குக்கர் கிடைத்தது, எங்கள் குக்கரின் அளவுக்குப் பொருந்தும் கேஸ்கட்தான் கடைசிவரை கிடைக்கவில்லை.